ஆமை புகுந்த பொறி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மலர்க் குழுவின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. சென்ற ஆண்டு சிலம்பைப் பற்றிப் பேசக் கேட்டோம்; அதற்கு முந்திய ஆண்டு குறளைப் பற்றிப் பேசக் கேட்டோம். இவ்வாண்டு ஒரு கணிப்பொறி மெல்ல நடந்த கதையைப் பேச வந்திருக்கின்றோம். "இதுவும் ஒரு தலைப்பா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இன்று உங்கள் கைகளில் இருக்கும் இம்மலர் தமிழில் வெளிவருமா என்னும் ஐயம் இரண்டு வாரங்கள் எங்களை வாட்டியது. அந்த ஐயம் எழுந்த காரணமும், அது நீங்கிய வழியும் நீங்கள் அறிய வேண்டியவை. எங்களுள் எவரும் கணிப்பொறிக் கல்வி பயின்றவர் அல்லர். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதியே நாற்பது வயதைக் கடந்தவர்கள். எங்களால் கண்டறிய முடிந்ததை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எளிதிற் கண்டறிவர் என்னும் நம்பிக்கையே எங்களைப் பேசத் துணிவித்தது.

பணியின் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து தங்கியவர்கள் நாம். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். தெலுங்கு நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழி. அதைக் கற்பது கடமை. ஆயினும் தம் பாட்டி பேசும் மொழியை அச்செழுத்தில் அவர்கள் காண்பது பெரும்பாலும் இம்மலரிலேதான். தம் பெயரைத் தமிழில் அச்சிட்டுப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே நான்கு வரி எழுதித் தரும் சிறுவர்கள் நம் குடியிருப்பில் உளர். அதனால் மலர் நமக்கு வெறும் விளம்பரத் தொகுப்பன்று.

மலர் ஆக்கப்படும் முறையை முதலிற் சொல்லுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் சங்கம் ஒரு கணிப்பொறி வாங்கியது. அதில் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும் சில தமிழ் எழுத்துருக்களும் இருந்தன. பேஜ்மேக்கரின் 7-ஆம் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அதற்குப் பின் புதுப் பதிப்பு வரவில்லை. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களுக்கு ஓர் இயல்பு உண்டு. கணிப்பொறியின் உள்ளே ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தைப் பொருத்தி வைத்திருப்பர். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையேல் அதே பக்கம் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. உலக எழுத்துகள் அனைத்தையும் ஒருங்கே அடக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. தமிழக அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. நம் பழைய மலர்களோ யூனிகோடு அறியாதவை. பேஜ்மேக்கரும் யூனிகோடு அறியாது.

பழைய கணிப்பொறி சென்ற மழைக்காலத்தில் உயிர் நீத்தது. நல்வேளையாக அதன் தட்டிலிருந்த யாவும் முன்பே படியெடுக்கப்பட்டிருந்தன. அன்பர் ஒருவர் விண்டோஸ் 11 அமைந்த கணிப்பொறி ஒன்றை நன்கொடையாக அளித்தார். அதற்குள் வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை ஏற்றி, அதன் உள்ளே பழைய விண்டோஸ் 7-ஐயும் பேஜ்மேக்கரையும் குடியேற்றினோம். கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி! இதனை மெய்நிகர்ப் பொறி என்பர். இடங்கொடுக்கும் பொறியை ஓம்பும் பொறி என்றும், உள்ளே வந்து தங்கும் பொறியை விருந்துப் பொறி என்றும் இவ்வுரையில் குறிப்போம்.

விருந்து வந்தது, ஆனால் எழுந்து நடக்கவில்லை. பக்கத்தைச் சிறிது கீழே நகர்த்தினால், சுவரில் மழைநீர் இறங்குவதுபோல் திரை மேலிருந்து கீழாக மெல்ல நிரம்பும். ஒரு சாளரத்தை இழுத்தால் அதன் நிழல்கள் வரிசையாகப் பின்னே நிற்கும். எழுத்தைத் தட்டினால் அது தோன்றச் சற்று நேரமாகும். தட்டவில்லையோ என்று மீண்டும் தட்டுவோம். பிறகு இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்து நிற்கும். 'அம்மா' என்று தட்டிய இடத்தில் 'அம்ம்மாா' என்று நின்றதைக் கண்டு எங்கள் குழுவில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பக்கம் திரையில் முழுதும் தோன்றப் பதினொரு விநாடி ஆயிற்று. அறுபத்து நான்கு பக்கங்களை இவ்வாறு மெய்ப்புத் திருத்துவது எங்ஙனம்? அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

செயற்குழு கூடியது. மூத்தவர் ஒருவர் எழுந்தார். "தம்பிகளே, உங்களைக் குறை சொல்லவில்லை. இரவெல்லாம் கண் விழிக்கிறீர்கள். இந்த ஆண்டு ஆங்கிலத்தில் நிகழ்ச்சி நிரல் மட்டும் ஒரு தாளில் அச்சிட்டுவிடுவோம். மலர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அன்பினாற் சொன்ன சொல்தான். ஆனால் ஓர் ஆண்டு நின்ற மலர் மறு ஆண்டு எழுவது அரிது என்பதைப் பல சங்கங்களின் வரலாறு காட்டுகின்றது. "ஒரு வாரம் தவணை தாருங்கள், ஐயா" என்று கேட்டுப் பெற்றோம்.

இனி, பொறியின் உள்ளியல்பைச் சிறிது காண்போம். மெய்நிகர்ப் பொறி புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1960-களிலேயே ஒரு பெரிய கணிப்பொறியைப் பல பொறிகள் போல் இயங்கச் செய்தனர். 1972-இல் அது வி.எம். 370 என்னும் பெயரால் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. 1974-இல் போப்பெக், கோல்ட்பெர்க் என்னும் இரு அறிஞர்கள் இதன் இலக்கணத்தை வகுத்தனர். விருந்துப் பொறியின் கட்டளைகளிற் பெரும்பாலானவை இடையீடின்றி நேரே உண்மையான செயலகத்தில் ஓடவேண்டும் என்பது அவ்விலக்கணத்துள் ஒரு விதி. மேசைக் கணிப்பொறிகளின் செயலகத்திலேயே இதற்கெனத் தனி வசதியை இன்டெல் நிறுவனம் 2005-இல் அமைத்தது. ஆதலின் இன்று விருந்துப் பொறி கூட்டல் கழித்தல் செய்வதில் ஓம்பும் பொறிக்கு மிகவும் பின்தங்குவதில்லை.

படம் வரைவதிலேதான் இடர். செயலகத்தை விருந்துக்கு நேரே கொடுத்துவிடலாம். திரைக்குப் படம் தீட்டும் அட்டையை அவ்வாறு எளிதிற் கொடுப்பதற்கில்லை. அது ஓம்பும் பொறியின் திரையை நடத்திக்கொண்டிருக்கின்றது. எனவே வர்ச்சுவல்பாக்ஸ் விருந்துக்கு ஒரு போலி அட்டையைக் காட்டுகின்றது. தக்க துணை மென்பொருள் இல்லாதபோது விருந்துப் பொறி அதனை மிக எளிய வி.ஜி.ஏ. அட்டை என்றே கொள்ளும். வி.ஜி.ஏ. என்பது 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முறை. அக்காலத் திரைக்கு 640-க்கு 480, அதாவது 3,07,200 புள்ளிகள். இன்றைய திரைக்கு 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட்டு எனக் கொண்டால் ஒரு திரைக்கு ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டு. விநாடிக்கு அறுபது முறை திரையைப் புதுப்பித்தால் ஏறத்தாழ ஐம்பது கோடி பைட்டு. இத்தனையையும் படம் தீட்டும் அட்டையின் துணையின்றிச் செயலகமே சுமந்து செல்ல வேண்டுமாயின், அது தளராமல் என் செய்யும்?

இரயில்வேக் குடியிருப்பில் வாழும் நமக்கு இதனை விளக்க ஓர் உவமை கையிலேயே இருக்கின்றது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வரும் பாதை முன்னாளில் மீட்டர் பாதையாக இருந்தது. சென்னையிலிருந்து காட்பாடி வரையிலோ அகலப் பாதை. ஒன்றின் அகலம் 1,000 மில்லிமீட்டர்; மற்றதன் அகலம் 1,676 மில்லிமீட்டர். அகலப் பாதை வண்டி மீட்டர் பாதையில் ஏறாது. சென்னையிலிருந்து சித்தூருக்கு வருவோர் காட்பாடியில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வண்டி மாறினர். சரக்குகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றவேண்டும். இரண்டு பக்கத்து எஞ்சின்களும் எவ்வளவு வலிமை உடையனவாயினும், நடைமேடையில் மூட்டை மாற்றும் தோள்களின் வேகமே சரக்கின் வேகம். விருந்துப் பொறிக்கும் திரைக்கும் இடையே நிற்பது இத்தகைய காட்பாடிச் சந்திப்புத்தான். எஞ்சினை மாற்றுமுன் மூட்டை எங்கே தேங்குகின்றது என்று பார்ப்பதே அறிவுடைமை. நாங்கள் முதலில் அவ்வாறு பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

முதல் நாள் செய்தது இது. விருந்துப் பொறியை அணைத்துவிட்டு, அதன் தட்டுக்கோப்பு முழுவதையும் வேறொரு தட்டில் படியெடுத்தோம். கைவைக்கும் முன் படியெடுத்தல் எங்கள் குழு ஒரு முறை இழந்து கற்ற பாடம். அதன்பின் ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு, ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்வது என்றும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே பக்கத்தைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பது என்றும் முடிவு செய்தோம். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால் நன்மை எதனால் விளைந்தது, தீமை எதனால் விளைந்தது என்று அறிய இயலாது.

படத்துக்கென ஒதுக்கிய நினைவகம் 16 மெகாபைட்டாக இருந்தது. அதனை 128 ஆக உயர்த்தினோம். கடிகாரம் காட்டியது அதே பதினொரு விநாடி. பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ஒரு திரைக்கு எட்டு மெகாபைட்டே வேண்டும். பதினாறு இருந்தபோதே இடம் போதுமானதாகத்தான் இருந்தது. கிடங்கைப் பெரிதாக்குவதனால் மூட்டை விரைந்து நகராது.

அடுத்துச் செயலகத்தையும் நினைவகத்தையும் நோக்கினோம். விருந்தோம்பலில் எங்களுக்கு ஈடில்லை என்று காட்டுவதுபோல், நன்கொடைப் பொறியின் நான்கு செயலக உள்ளகங்களையும், எட்டு கிகாபைட் நினைவகத்தில் ஆறையும் விருந்துக்கே கொடுத்து வைத்திருந்தோம். வீட்டார் பட்டினி கிடந்தால் விருந்துக்குப் பரிமாறுபவர் யார்? போலி அட்டையை இயக்குவதும், திரையில் படத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஓம்பும் பொறியின் வேலை. அதற்கு இடமில்லாமற் செய்தவர்கள் நாங்களே. இரண்டு உள்ளகங்களும் மூன்று கிகாபைட்டும் மட்டும் விருந்துக்கு ஒதுக்கினோம். குறைத்துக் கொடுத்தபின் விருந்து சற்று விரைந்து நடந்தது! பதினொன்று ஒன்பதாயிற்று. மகிழ்ந்தோம், ஆயினும் ஒன்பது விநாடியும் பெருங்காலமே.

மூன்றாம் நாள் மாலை எங்கள் குழுவினர் ஒருவரின் அண்டை வீட்டுச் சிறுமி, தான் எழுதிய கட்டுரை அச்சேறிவிட்டதா என்று பார்க்க வந்தாள். ஏழாம் வகுப்பு மாணவி. திரையை உற்றுப் பார்த்தவள், "மாமா, கீழே மூலையில் பச்சையாக ஓர் ஆமை இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டாள். நாங்கள் பார்த்தோம். வர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடிவரிசையில், பிற குறிகளோடு, சிறிய ஆமை ஒன்று இருக்கத்தான் செய்தது. மூன்று நாள் அதனை நாங்கள் ஓர் அலங்காரமென்றே எண்ணியிருந்தோம். சிறுமியுடன் வந்திருந்த அவள் பாட்டியார், "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள், இங்கே பொறிக்குள்ளேயே புகுந்துவிட்டதா?" என்றார். நகைச்சுவையாகச் சொன்னதாயினும் அதுவே உண்மையாயிற்று.

அந்த ஆமை வேறொன்றுமில்லை. 'நான் மெல்லத்தான் நடக்கின்றேன்' என்று வர்ச்சுவல்பாக்ஸ் தானே காட்டும் அடையாளம். செயலகத்தின் மெய்நிகர் வசதியை ஒரு வேளையில் ஒருவரே முழு உரிமையோடு கையாளலாம். விண்டோஸ் 11-இல் ஹைப்பர்-வி என்னும் தனி மெய்நிகர் அமைப்பு உண்டு. மெமரி இன்டெக்ரிட்டி என்னும் பாதுகாப்பு வசதியும் அதன்மேல் நின்றே இயங்குகின்றது. அது முன்னமே இடம் பிடித்திருந்தால் வர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளின்மேல் ஏறி நடக்க வேண்டியதாகும். ஒற்றைப் பாதையில் முன்னே ஒரு வண்டி நிற்கும்போது பின்னே வரும் வண்டி அதன் இசைவு பெற்றே நகர்வது போன்ற நிலை. அப்போதுதான் ஆமை தோன்றும். தடையின்றி நடக்கும்போது அதே இடத்தில் 'வி' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சில்லு தெரியும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்னும் வரி இருக்குமாயின் அதுவும் இதற்குச் சான்று.

ஆமையை வெளியேற்றும் வழி யாது? விண்டோஸ் செக்யூரிட்டி, அதனுள் டிவைஸ் செக்யூரிட்டி, அதனுள் கோர் ஐசொலேஷன் என்று சென்று மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தினோம். விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்பார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்பார்ம் ஆகிய மூன்றின் குறிகளையும் நீக்கினோம். பின்னர்ப் பொறியை முழுதும் அணைத்து எழுப்பினோம். ஆமை மறைந்தது. ஒன்பது விநாடி நான்காயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் விடுவது தவறாகும். மெமரி இன்டெக்ரிட்டி வேண்டாத ஒன்றன்று. தீய நிரல்கள் பொறியின் உள்ளறைக்குள் புகாமற் காக்கும் வாயிற்காவல். வேகத்துக்காக அதனை நிறுத்தியபின் அப்படியே மறந்துவிடுதல் கூடாது. மலர்ப் பணி நடந்த நாட்களில் மட்டும் அதனை நிறுத்தி வைத்தோம். அந்நாட்களில் அப்பொறியில் மின்னஞ்சலும் திறக்கவில்லை, பணப் பரிமாற்றமும் செய்யவில்லை. மலர் அச்சகம் சென்ற மறுநாளே காவலை மீண்டும் நிறுத்தினோம். ஆமையும் திரும்பி வந்து தன் மூலையில் அமர்ந்துகொண்டது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டமையால், விருந்துப் பொறிக்கு இணைய இணைப்பையே நாங்கள் கொடுக்கவில்லை. பழைய விருந்தினர் வீட்டினுள் இருக்கட்டும். தெருவில் உலவ வேண்டா.

நான்கு விநாடி எஞ்சியது. சாளரத்தை இழுத்தால் நிழல்கள் இன்னும் நின்றன. ஆமை போனபின்னும் காட்பாடிச் சந்திப்பு அப்படியே இருந்தது. விருந்துப் பொறியின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து படம் தீட்டும் அட்டையின் பெயரைப் பார்த்தோம். 'ஸ்டாண்டர்டு வி.ஜி.ஏ. கிராஃபிக்ஸ் அடாப்டர்' என்று இருந்தது. இதுவே நாங்கள் முதல் நாள் பார்த்திருக்க வேண்டிய இடம். தன் முன்னிருக்கும் அட்டை இன்னதென்று அறியாத விருந்துப் பொறி, பொதுவான எளிய முறையிலேயே புள்ளி புள்ளியாக மூட்டை மாற்றிக்கொண்டிருந்தது. வேலை ஒன்றும் செய்யாமல் சாளரத்தை மட்டும் இழுக்கும்போது டாஸ்க் மேனேஜரில் செயலகத்தின் கோடு உச்சிக்கு ஏறியதும் இதனாலேதான்.

இக்குறையைத் தீர்ப்பது கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணைத் தொகுதி. வர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் அதன் குறுவட்டை நுழைக்கும் கட்டளை உண்டு; விருந்துப் பொறியின் உள்ளே அதனை நிறுவவேண்டும். அது தரும் நிரல், விருந்துப் பொறிக்குப் போலி அட்டையோடு பேசும் மொழியைக் கற்பிக்கும். எந்தப் பகுதி மாறிற்றோ அந்தப் பகுதியை மட்டும் ஓம்பும் பொறிக்கு அறிவித்தால் போதும்; ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டிய தேவை குறைந்துவிடும். வர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பை நிறுவும்போதெல்லாம் இத்தொகுதியையும் அதே பதிப்புக்கு உயர்த்திக்கொள்வது நன்று.

அட்டை வகையிலும் ஒரு திருத்தம் செய்தோம். வர்ச்சுவல்பாக்ஸ் மூன்று வகைப் போலி அட்டைகளைத் தருகின்றது. விபாக்ஸ்-வி.ஜி.ஏ. என்பது விண்டோஸ் 7-க்கு முந்திய பழைய அமைப்புகளுக்கு உரியது. விபாக்ஸ்-எஸ்.வி.ஜி.ஏ. என்பது விண்டோஸ் 7-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் உரியது. வி.எம்.எஸ்.வி.ஜி.ஏ. என்பது லினக்ஸ் அமைப்புகளுக்கு இயல்பாக அமைவது. நாங்கள் பழைய பொறியின் அமைப்பை அப்படியே எடுத்து வந்தமையால் முதல் வகையே நிலைத்திருந்தது. இரண்டாம் வகைக்கு மாற்றி விருந்தை எழுப்பினோம். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றியது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாது போயிற்று. அவ்விரவு 'அம்மா' என்று தட்டினோம். 'அம்மா' என்றே வந்தது.

வெற்றி தந்த ஊக்கத்தில் முப்பரிமாண முடுக்கத்தையும் ஏற்றிப் பார்த்தோம். இவ்வசதி விருந்தின் முப்பரிமாண வரைபடக் கட்டளைகளை ஓம்பும் பொறியின் உண்மையான அட்டைக்கு அனுப்புவது. கட்டட வரைபடம், விளையாட்டு முதலியவற்றுக்கு அது வேண்டும். பேஜ்மேக்கரோ தட்டையான தாளில் எழுத்தை அடுக்குவது; அதற்கு இதனால் ஊதியமில்லை. எங்கள் பொறியில் எழுத்துகள் இடையிடையே மினுங்கின. குறிப்பேட்டில் எழுதி வைத்தமையால், எதனை மாற்றினோம் என்று உடனே அறிந்து பழைய நிலைக்குத் திரும்பினோம். எல்லாக் குமிழ்களையும் உச்சிக்குத் திருகுவது வேகத்துக்கு வழியன்று என்பதை இதனாற் கற்றோம்.

திருப்பதியில் உயர்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் பலர், பாடத்தின் பொருட்டு விண்டோஸ் பொறிக்குள் லினக்ஸை விருந்தாக வைத்திருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸில் கிளெக்ஸ்-இன்ஃபோ என்னும் கட்டளையை இட்டுப் பாருங்கள். வரைவோன் பெயராக எல்.எல்.வி.எம்.பைப் என்று காட்டுமாயின், உங்கள் படத்தைச் செயலகமே தீட்டிக்கொண்டிருக்கின்றது என்பது பொருள். புதிய லினக்ஸ் மேசைகள் ஒவ்வொரு சாளரத்துக்கும் முப்பரிமாண முறையைக் கையாளுவன. ஆதலின் உங்களுக்கு முடுக்கம் பயன்படக்கூடும். எங்களுக்கு வேண்டாதது உங்களுக்கு வேண்டியதாகலாம். பயன் தராவிட்டால் எளிய மேசை ஒன்றுக்கு மாறுவதும் ஒரு தீர்வே.

இவ்வளவும் கேட்டபின், "சுருங்கச் சொல்லுங்கள்" என்பீர்கள். முதலில் படியெடுங்கள். ஆமை இருக்கின்றதா என்று பாருங்கள். விருந்துப் பொறி தன் அட்டையை என்ன பெயரால் அறிந்திருக்கின்றது என்று பாருங்கள். துணைத் தொகுதியை நிறுவுங்கள். அட்டை வகையைப் பொருத்துங்கள். வீட்டாருக்கும் விருந்துக்கும் உணவைப் பகிர்ந்து வையுங்கள். முடுக்கத்தை ஒரு முறை ஏற்றியும் ஒரு முறை இறக்கியும் ஒப்பிடுங்கள். ஒரு வேளைக்கு ஒன்றே மாற்றுங்கள். நாங்கள் தலைகீழாகத் தொடங்கியமையால் நான்கு நாள் இழந்தோம். நீங்கள் ஓர் மாலையில் முடித்துவிடலாம்.

மலரின் அறுபத்து நான்கு பக்கங்களும் குறித்த நாளுக்கு முதல் நாளே அச்சகம் சேர்ந்தன. ஆங்கில நிரல் போதும் என்ற அதே பெரியவர்தாம் கடைசி மெய்ப்பைக் கண்ணாடி மாற்றி மாற்றிப் படித்துத் தந்தவர். பத்தொன்பது பிழைகள் கண்டுபிடித்தார். அவற்றுள் இரண்டு எங்கள் கட்டுரையிலேயே இருந்தன.

ஆனால் பணி இத்துடன் முடிந்துவிடவில்லை. மீட்டர் பாதை நாட்டில் நெடுங்காலம் நன்றாகவே உழைத்தது. ஆயினும் சந்திப்புதோறும் மூட்டை மாற்றுவதற்கு முடிவு கட்ட, 1992-இல் இந்திய இரயில்வே நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சித்தூர், திருப்பதிப் பாதையும் அகலப்பட்டது. இன்று காட்பாடியில் நாம் இறங்கி ஏறாமலே வருகின்றோம். நம் பழைய மலர்களுக்கும் அந்தப் பாதை மாற்றம் வேண்டும். விருந்துப் பொறி இப்போது விரைந்து நடக்கின்றது என்பதற்காக நம் பெற்றோர் எழுதியவற்றை என்றென்றும் அதற்குள்ளேயே பூட்டி வைத்தல் தகாது. அந்த மென்பொருளும் எழுத்துருவும் ஒரு நாள் எழ மறுத்தால், அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகிவிடும்.

ஆதலின் ஒவ்வொரு பழைய மலரையும் விருந்துப் பொறியில் திறந்து, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்துப் பாதுகாக்கும் பணியைத் தொடங்கியிருக்கின்றோம். மாற்றியை இயக்குவது எளிது. மாறும்போது கெடும் எழுத்துகளைக் கண்டுபிடிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்த கண்கள் வேண்டும். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்க அறை திறந்திருக்கும். பாட்டியார் படிக்கட்டும், பேரப்பிள்ளைகள் தட்டட்டும். ஆமையைக் கண்டுபிடித்த சிறுமி முதல் ஞாயிறன்றே வருவதாகச் சொல்லியிருக்கின்றாள். அவளுக்குத் துணையாக நீங்களும் வாருங்கள் என்று அழைத்து அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் இம்மண்!